கதவருகே எட்டுக் காதுகள்

செவர்ன் ஆற்றங்கரையில் எங்களுக்கு வாய்த்த பிரபு ஹமோ, மூன்றாவது மகனாகப் பிறந்ததைத் தவிர வேறு பாவம் அறியாதவர். அப்படித்தான் அவரே சொல்வார். நார்மண்டி நிலம் மூத்தவருக்கு, இங்கிலாந்து நிலம் அடுத்தவருக்கு. இவருக்கு ஒரு குதிரையும் அப்பாவின் மூக்கும். மூக்கை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சாப்பிடுவது? ஹாவிஸைக் கட்டிக்கொண்டார். அவள் பேரில் கல்வீடு, மாவு ஆலை, விலாங்கு பிடிக்கும் அணை எல்லாம் இருந்தன. கூடவே அவளும் இருந்தாள். அதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

ஏழு வருடத்தில் மூன்று பிள்ளைகள் செத்தே பிறந்தன. ஒவ்வொரு முறையும் அவளை நாய்க்கொட்டகையின் மேல் அறையில் ஒரு வாரம் பூட்டினார். "யோசிக்கட்டும்" என்றார்.

எங்கள் சட்டப்படி, மனைவி செத்தால் அவள் நிலம் அவள் உறவுக்குப் போய்விடும். ஆனால் பிறந்த பிள்ளை நான்கு சுவருக்குள் ஒரே ஒருமுறை அழுதது கேட்டிருந்தால் போதும். அது அடுத்த நிமிடமே செத்தாலும், புருஷன் சாகும்வரை நிலம் அவனுக்கு. பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது. பெண்கள் சொல்வது மன்றத்தில் ஏறாது. ஆகவே கதவுக்கு வெளியே ஆண்கள் நின்று கேட்க வேண்டும்.

நான்காவது பிரசவத்தில் மருத்துவச்சி எடிவா, "அம்மா பிழைக்கமாட்டாங்க" என்றாள். ஹமோ பதறியடித்துக்கொண்டு ஆளனுப்பினார். பாதிரியாருக்கு அல்ல, நான்கு சாட்சிகளுக்கு.

"காதைக் கதவோட ஒட்டி வைங்கப்பா."

"ஆல்ரிக்குக்குக் காதே கேக்காதே எஜமான்," என்றார் சாட்சிகளில் ஒருவரான டர்ஸ்டன், பக்கத்தில் நின்றவரைக் காட்டி.

"தலையாட்டத் தெரியும்ல?"

உள்ளே ஹாவிஸ் அலறினாள். ஹமோ கதவைக் குத்தினார்.

"எடிவா, அவ வாயில துணிய வை! இவ போடுற கூச்சல்ல பிள்ளை சத்தம் எப்படிக் கேக்கும்? ஹாவிஸ், கொஞ்சம் பொறுத்துக்கோ. அப்புறம் இஷ்டத்துக்குக் கத்திக்கோ."

"அப்புறம்னா எப்போங்க?" என்றாள் ஹாவிஸ்.

துணி வாய்க்குள் போனது.

கடைசியில் பிள்ளை பிறந்தது. எடிவா அதை முதுகில் தட்டினாள். அது அழ வாயைத் திறந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஹாவிஸ் துணியைப் பிடுங்கி எறிந்தாள் என்கிறாள் எடிவா. ஏழு வருடமாக அடக்கியது அத்தனையும் ஒரே அலறலாக வந்தது. அது நின்றபோது அவள் இல்லை, பிள்ளையும் இல்லை.

"கேட்டுச்சுல்ல?" என்றார் ஹமோ.

"கேட்டுச்சு எஜமான். ஆனா பிள்ளை குரல்தான்னு புனிதரோட எலும்பு மேல கைவச்சுச் சொல்லணுமே. பொய்னா கை அழுகிடுங்க," என்றார் டர்ஸ்டன்.

ஆல்ரிக் மட்டும் தலையாட்டினார். ஒரு தலை போதாது.

"பிள்ளை அழுதுச்சுங்க, நான் பாத்தேன்," என்றாள் எடிவா.

"பொம்பளை பேச்சை எவன்டி கேப்பான்!" என்று ஹமோவே கத்தினார்.

மறுநாள் காலையிலேயே ஹாவிஸின் சித்தப்பா மகன் ரெய்னர் வண்டியோடு வந்து இறங்கினார். ஹமோ படுக்கை அறையில் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கட்டில் வீட்டோட சேர்ந்தது. வைங்க," என்றார் ரெய்னர்.

"இறகு மெத்தை நான் வாங்கினது."

"வாத்து எங்க வாத்து."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வாசலில் நின்ற பாதிரியார் தொண்டையைக் கனைத்தார். "முதல்ல அந்தம்மாவக் கீழ எறக்கிடலாமா?"

"கொஞ்சம் இருங்க சாமி," என்றார்கள் இருவரும்.