அடி ஓட்டில் ஏறிய கருப்பு

சின்னாளப்பட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியில் பாதிச் சாமான் ஏறியிருந்தது. மிச்சச் சாமானோடு தரையில் ஒரு தக்காளிப் பெட்டி இருந்தது. அதற்குள் வைக்கோல் போட்டு ஆமையை உட்காரவைத்திருந்தார்கள்.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளை, லாரி கிளீனர், கோழிப்பண்ணை என்று சுற்றிவிட்டு அங்கே வந்திருந்தேன். ரெட்ஃபுட் என்று நாங்கள் சொல்லும் சிவப்புக்கால் ஆமைகள் என் பொறுப்பு. இவை தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே பகுதிக்கு ஒரு ரகம். கயானா பக்கத்து ஆமைக்கு அடி ஓடு வெளிர் மஞ்சள், நடுவில் மட்டும் கருந்திட்டு. பராகுவே பக்கத்து ஆமைக்கு மேல் ஓடும் கருப்பு, அடி ஓட்டிலும் கருப்பு பரவியிருக்கும். பராகுவே ரகம் ஓரளவு குளிர் தாங்கும் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. கயானா ரகம் தாங்காது. மூக்கு ஒழுகத் தொடங்கும், பிறகு சளி நெஞ்சைப் பிடித்துச் செத்துப்போகும்.

அன்றைக்கு இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆமையை வளர்த்த தனலட்சுமி அக்காவும் அவர் கணவர் ராமசாமி அண்ணனும் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர்கள். கொடைக்கானலில் சேலைக் கடை எடுத்திருந்தார்கள். மறுநாள் காலை நல்ல நேரத்தில் திறப்பு. அங்கே கிடைத்தது ஒற்றை அறை, அதிலும் பாதிக்குச் சேலை மூட்டை. ஆமைக்கு வெளியே கம்பிவலைக் கூண்டு. தை மாதக் குளிர் வேறு. கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி அக்கா கடைக்குப் போன் செய்திருந்தார்.

முதலாளி என்னை அனுப்பும்போதே சொல்லிவிட்டார். "ஏலே, பராகுவேன்னு சொல்லித்தான் வித்தேன். நீயும் அதையே சொல்லிட்டு வா. வேற வாயத் தொறக்காத."

"வயிறு பூராக் கருப்புதான் தம்பி, வீடியோவுல காட்டுற மாதிரியே இருக்கு" என்றார் அக்கா. "இருந்தாலும் மனசு கேக்கல."

"என்னப்பா, ஜாதகம் பாத்தாச்சா? டிரைவர் கத்துறான்" என்று ராமசாமி அண்ணன் வண்டிமேல் இருந்து குரல் கொடுத்தார்.

ஆமையை ரொம்ப நேரம் மல்லாத்தக் கூடாது. தலைக்குமேல் தூக்கிக் கீழிருந்து பார்த்தேன். ஓரமெல்லாம் நல்ல கருப்பு. ஆனால் அது ஆண். ஆண் ஆமைக்கு அடி ஓட்டின் நடுவில் குழி விழுந்திருக்கும். அந்தக் குழிக்குள் மட்டும் வெளிர் மஞ்சள், நடுவில் ஒரே ஒரு திட்டு. எனக்குக் குழப்பமாகிவிட்டது. இப்படி ஒரு ரகத்தை நான் பார்த்ததில்லை.

அக்காவும் குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்தார். "செத்த நேரம் அப்படியே பிடி" என்றவர் முகம் மாறியது. "இது நம்ம சாயப் பட்டறைக் கருப்பு தம்பி. சுங்குடில முடிச்சுப் போட்ட எடத்துல சாயம் ஏறாதுல்ல? அதே மாதிரிதான். தரையில பட்ட எடமெல்லாம் ஏறியிருக்கு, படாத எடம் தப்பிச்சிருக்கு."

சாயத் தண்ணீர் ஓடும் தரையில்தான் அது வருடக்கணக்காக நடந்திருக்கிறது.

ராமசாமி அண்ணன் இறங்கி வந்தார். "அப்ப இது பராகுவே இல்லியா?"

"மேல் ஓடு அந்தப் பக்கம் மாதிரி இருக்குண்ணே. வயிறு கயானா. கலப்பாத்தான் இருக்கும். நம்ம நாட்டுல எவரு வீட்டு மாடியிலயோ பொறந்திருக்கும். தாய் தகப்பன் எதுன்னு விக்கிறவனுக்கே தெரியாது."

"கலப்புன்னா பாதிக் குளிராவது தாங்கும்ல?"

"பாதிக் குளிருன்னு மலையில எதுவும் இல்லண்ணே."

அதற்குள் முதலாளி போன். "சொல்லிட்டியாலே?"

"கலப்புண்ணே. குளிர் தாங்காதுன்னு சொல்லிட்டேன்."

"அப்ப அங்கனயே இருந்துக்க. கடைப் பக்கம் வந்துராத." வைத்துவிட்டார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா தக்காளிப் பெட்டியை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டார். "நீங்க சாமானோட போங்க. இத கீழயே எரியோட்டுல எங்க அண்ணன் தோப்புல விட்டுட்டு நாளைக்கு வாரேன்."

"கட தொறக்கையில நீ இல்லாம எப்பிடி? ஆமைக்குப் போயி இம்புட்டா?"

"கட ஒருநாள் பொறுக்கும். இது அந்தக் கூண்டுல ஒரு ராத்திரி பொறுக்காது."

ராமசாமி அண்ணன் வண்டியில் ஏறினார். வண்டி கிளம்பியது.

எனக்கும் வேறு வேலை இல்லை என்பதால் எரியோட்டுக்குக் கூடவே போனேன். தென்னை நிழலில் ஈர மண்ணைக் கிளறி, தண்ணீர்த் தட்டு வைத்து, இறங்கவிட்டோம். கடைத் திறப்பை அக்கா பார்க்கவில்லை. அந்த வருத்தம் அவருக்கு இருந்திருக்கும்.

அதன் பிறகு வேறு ஊர்களில், வேறு கடைகளில் எத்தனையோ ஆமைகளைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ரகம் கேட்பவர்களிடம், அது நடக்கும் தரை எப்படி என்றுதான் முதலில் கேட்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். தாய் தகப்பன் தெரியாத ஆமைக்கு ஊர்ப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். இரண்டு ரகத்தில் எது குளிரில் செத்துப்போகுமோ, அதுவாகவே நினைத்து வளர்த்து வாருங்கள்.