மதினி பெயர் தராத கட்டுரை

மதினியின் மடிக்கணினியில் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, யாருக்கோ எடுத்த இதயத் துடிப்புப் படம் என்றுதான் நினைத்தேன். ஒரு கோடு நேராகப் போய், ஆங்காங்கே பள்ளத்தில் விழுந்து எழுந்தது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் ரெட்டியார்சத்திரம் வந்த புதிது. விண்மீனின் ஒளியைப் பிரித்தால் இப்படி வரும் என்றார். பள்ளத்தின் ஆழம் அதில் என்ன உலோகம் எவ்வளவு என்று சொல்லுமாம். பள்ளம் இடம் பெயர்ந்திருந்தால் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று தெரியுமாம்.

நம் பால்வீதியைச் சுற்றும் ஒரு குட்டி விண்மீன் மண்டலம்தான் அவருடைய ஆய்வு. அங்குள்ள விண்மீன்கள் அளவு மீறி ஓடுகின்றன, ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஏராளமான பொருள் அவற்றைச் சிதறாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று அவருடைய பேராசிரியர் ஊரெல்லாம் பேசிவிட்டார். கட்டுரை வெளிவருவதுதான் பாக்கி. மதினிக்கு இரண்டு விண்மீன்கள் மேல் சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் மங்கலான துணை ஒன்று இருக்கிறது, துணையைச் சுற்றும் வேகத்தையும் மண்டலத்தின் கணக்கில் சேர்த்துவிட்டோம் என்றார். மறுபடி பார்த்தால் வேகம் மாறியிருக்கும். அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார் பேராசிரியர். அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மதினி சொல்லிவிட்டார். கட்டுரை அவர் பெயர் இல்லாமலே வெளிவந்தது. ஆய்வகத்தில் அவருக்கென்று சொல்லிவைத்திருந்த வேலையும் அத்தோடு போயிற்று.

தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்.

"ஏம்மா, அம்புட்டுப் பெரிய மனுசரு சொல்றாரு. ஒத்துக்கிட்டுப் போனா என்ன?"

மதினி கூடையை இறக்கிவைத்தார். "பெரிய மனுசருதேன் அத்தை. ஆனா அந்த நட்சத்திரம் அவரக் கேட்டுக்கிட்டா ஓடுது?"

திமிர் என்றார் அம்மா. திமிர்தான். அது இல்லாமல் தலையாட்டியே மேலே போனவர்களை நான் வேலைபார்த்த இடங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதினி திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், தொலைநோக்கியில் பார்க்க நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதினார். தள்ளிவிட்டார்கள். மறுபடி எழுதினார். கடைசியில் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் சேர்ந்துகொள்ள, நேரம் கிடைத்தது. புதுப் படத்தைப் பழையதன் மேல் வைத்துக் காட்டியபோது எனக்கே புரிந்தது: அந்த இரண்டு விண்மீன்களிலும் பள்ளங்கள் இடம் மாறியிருந்தன. அவற்றை விலக்கிக் கணக்குப் போட்டதும், பேராசிரியர் சொன்ன வேகம் எங்கோ கீழே இறங்கிவிட்டது.

விஷயம் பரவியதும் பேராசிரியரே போனில் அழைத்தார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சேர்ந்தே எழுதலாம், தன் பெயர் இருந்தால் மதிப்பு கூடும் என்றாராம். மதினி குரலை உயர்த்தவில்லை.

"உங்க பேரு வேணாம் சார். பழைய கட்டுரை தப்புன்னு நீங்களே எழுதுங்க. அது போதும்."

போனை வைத்துவிட்டு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் கேட்டார். அம்மா கரண்டி நிறைய அள்ளி வைத்தார்.

பேராசிரியர் இன்றுவரை எழுதவில்லை. மதினி எழுதிவிட்டார். கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. அதன் கீழே ஊர், திண்டுக்கல்.