வேலிகாத்தானில் பதமான தோல்

அரக்கோணத்தில் நான் ஏறிய ரயிலில், எதிரே இருந்த பெண்ணின் விரல்நுனிகள் பழுப்பேறியிருந்தன. ஒரு தோல்துண்டை மடித்து மடித்துப் பார்த்தபடியே வந்தார்.

“இன்னா மேடம் அது?” என்றேன்.

“ஷூவுக்கான தோலு சார். வேலிகாத்தான் மரத்தூள்லேர்ந்து எங்க லேப்ல எடுத்த கெமிக்கல்ல பதம்பண்ணது. முன்னெல்லாம் இதுல பதம்பண்ண தோலு மடிச்சா வெடிச்சிடும். இன்னிக்கு சென்னையில டெஸ்ட்ல பாஸாயிடுச்சு. ஆம்பூர்ல எங்க கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“அந்த முள்ளு மரம் அடுப்புக்குத்தானே ஆவும்?”

“எங்க மேனேஜரும் அப்டித்தான் சொன்னாரு. நாளைக்கு அவரையே மடிக்கச் சொல்லப்போறேன். நீங்களும் மடிங்க சார், நல்லா அழுத்தி.”

பலங்கொண்ட மட்டும் மடித்தேன். கீறல்கூட விழவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

ஆம்பூரில் இறங்கிப் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் அந்தத் துண்டைப் பெட்டியிலிருந்த எல்லோரிடமும் காட்டியிருந்தேன், ஏதோ நானே செய்ததுபோல.