தற்குறிப்பேற்றக்காரர்

குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் செல்லமுத்து வால்வைத் திருகுவார். வடக்கனந்தலில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைத் தெருத்தெருவாகத் திறந்துவிடுகிற வேலை. வயது ஐம்பத்து மூன்று. காக்கிச் சட்டைக்கு மேல்பொத்தான் கிடையாது. நடக்கும்போது வால்வுச் சாவி தோளில் கிடக்கும், கரும்பு மாதிரி.

“இன்னா மாமா, தண்ணி நூலாட்டம் வருது?” என்பாள் குழாயடியில் அம்சவள்ளி.

“நேத்து மழ பேஞ்சிதில்ல. இனிமே நம்மள யார் தேடப்போறாங்கன்னு மோட்டாருக்கு மனசு வுட்டுப்போச்சி.”

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். கல்ராயன் மலைமேல் மேகம் அசையாமல் நின்றால், “கீழ எறங்குனா தெரிஞ்சவங்க யாருமில்லன்னு கூச்சப்பட்டுக்கினு நிக்குது.” வீட்டு ட்யூப்லைட் மினுக்கினால், “ஒத்த ஆளுக்கு இன்னாத்துக்கு எரியணும்னு யோசிக்குது.”

பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தில் இதற்குத் தற்குறிப்பேற்ற அணி என்று பெயர். தானாக நடக்கிற ஒன்றுக்குப் புலவர் தன் மனசிலிருந்து ஒரு காரணத்தை எடுத்து ஏற்றிவிடுவார். பரீட்சையில் எழுதினால் நாலு மதிப்பெண். செல்லமுத்து எட்டாவதோடு நின்றவர். பெயர் தெரியாமலேயே நாள் முழுக்க ஏற்றிக்கொண்டிருக்கிறார். மதிப்பெண் போடத்தான் ஆளில்லை.

போட்டவள் ஒருத்தி உண்டு, மனைவி பெரியநாயகி. போட்டது முட்டை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எலவனாசூர்கோட்டையில் அவளுடைய அப்பாவுக்குக் கருமாதி. மருமகன் போகவில்லை. மோட்டாரில் காயில் கம்பி எரிந்து ஊரே இரண்டு நாள் தண்ணீரில்லாமல் கிடந்தது. மறுநாள் போய் நின்றவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்டாள். காயில் எரிந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு: “மோட்டாரு வுடல நாயகி. நீயும் போய்ட்டா எனக்கு யார்னு மொரண்டு புடிச்சிது.”

பங்காளிகளில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

“அப்ப அதும்கூடவே குடும்பம் நடத்து” என்றாள். அதோடு சரி; தாய்வீட்டிலிருந்து திரும்பவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை போய்க் கூப்பிட்டும் பார்த்தார். கதவு திறக்கவில்லை. அந்தக் கதவுக்கு மட்டும் அவர் இதுவரை எந்தக் காரணமும் ஏற்றிச் சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை கச்சிராயபாளையம் பஸ் குழாயடிக்கு எதிரே நின்றது. ஜன்னலோரம் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. ஏதோ கல்யாணத்துக்குப் போகிற பெரியநாயகி. செல்லமுத்து சாவியைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி முன்னால் போனார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

“மாமா, அக்காதான அது?”

“ம்.”

குடங்களெல்லாம் பேச்சை நிறுத்தின. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லியிருந்தால்கூட அன்றைக்கு ஒருத்தியும் சிரித்திருக்க மாட்டாள்.

“பாத்தா” என்றார். “திரும்பிக்கினா.”

பிறகு ஒரு செருப்பைக் கழற்றி, உள்ளே கல் இருப்பதுபோல் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மற்றதையும் கழற்றித் தட்டினார்.