நன்றாக நடந்து காட்டிய தப்பு

எண்பதுகளின் கடைசியில், சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். பெயர்தான் ரைட்டர். எழுதுவது அரை மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் ஆட்கள் வேலை செய்கிற இடத்துக்கெல்லாம் ஏறி இறங்குவது. என் நடையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

முப்பத்திரண்டு வயதில் இடது கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் தெரியாது. இரண்டு மைல் நடந்து, வெயிலும் ஏறிவிட்டால் பாதம் தூக்க வராது. பெருவிரல் கல்லில் இடிக்கும், உடம்பு ஒரு பக்கமாகத் தள்ளாடும். நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புகிற ஆம்பளையைப் பற்றி ஊர் என்ன பேசுமோ அதைத்தான் பேசியது. பேச்சு என் மனைவியின் காதுக்கும் போனது. அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். ஒருநாள் என்னை வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொன்னாள். ஊதினேன். வாடை இல்லை. "ஏலக்காய் மென்னுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை மாதா கோவில் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, இனிமேல் குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். தொட்டதே இல்லையே என்று கத்த வேண்டும் போலிருந்தது. கோபத்தில் சத்தியம் செய்து தொலைத்தேன். புதன்கிழமை மறுபடியும் தள்ளாடிக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. "சாமிகிட்டயே பொய் சொல்றவரோட இருக்க முடியாதுங்க. பரீட்சை முடிஞ்சதும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வெள்ளக்கடைக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போறேனுங்க" என்றாள். அவ்வளவு கோபத்திலும் மரியாதை குறையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கோளாறு காலில்தான் என்று ஒரு டாக்டர் சொன்னால் நம்புவாள் என்று நினைத்தேன். சேலத்துக்குப் போக நாள் குறித்தோம். இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எஸ்டேட் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியப் பரிசோதனை ஒன்றே ஒன்றுதான்: வேலைக்குச் சேரும்போது டாக்டர் நடக்கச் சொல்லிப் பார்த்து 'ஃபிட்' என்று எழுதித் தருவது. தேறாவிட்டால் வேலை கிடையாது. அந்தப் புத்தியில் இரண்டு நாள் லீவு போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுத்தேன். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினேன். புது கேன்வாஸ் ஷூ வாங்கினேன். குளிர் விடுவதற்குள் முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம்.

டாக்டர் நடக்கச் சொன்னார். அந்தச் சின்ன அறைக்குள் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி நடந்தேன். "காலில் ஒன்றுமில்லை" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தேறிவிட்ட பெருமையோடு வெளியே வந்து அவளிடம் சொன்னேன்.

"டாக்டருகிட்ட நேரா நடக்கறீங்க. ஊட்டுக்கு வர்றப்ப மட்டும் கால் கோணுதுங்களா?" என்றாள்.

பஸ் மலை ஏறும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து வலது கண்ணில் புகை படிந்தாற்போல மங்கியது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கை காலில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். சொன்னதும் நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "இந்தத் தடவ நானும் உள்ள வருவேனுங்க" என்றாள் மனைவி.

நரம்பு டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. நடக்கச் சொன்னார். பழக்கம் விடுமா? மறுபடியும் நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் சிரித்துவிட்டார்.

"நான் என்ன வேலைக்கா ஆள் எடுக்கறேன்? எப்ப நடக்க முடியாமப் போகுதோ, அதக் காட்டுங்க."

"அது ரெண்டு மைலு நடந்த பொறகுங்க, வெயில்ல."

"அப்ப நடங்க."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீள நடை ஒன்று இருந்தது. உச்சி வெயில். நான் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். மனைவி எண்ண வேண்டும். டாக்டர் நடுநடுவே வந்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்வார். இருபது சுற்று வரை கால் சொன்னபடி கேட்டது. இன்றைக்கும் பாழாய்ப்போன கால் ஒழுங்காகவே நடந்துவிட்டால்? வாழ்க்கையில் முதல் தடவையாக, விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடந்தேன்.

முப்பதைத் தாண்டியதும் பெருவிரல் தரையில் உரசியது. மனைவி எண்ணுவதை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தாள். இன்னும் இரண்டு சுற்று. முழங்கால் மடங்கி, தூண் ஓரமாக விழுந்தேன்.

ஓடி வந்தவள் என்னைத் தூக்கவில்லை. "பாத்தீங்களா டாக்டரம்மா! இப்படித்தானுங்க, இப்படியேதானுங்க வருவாரு!" என்று கூவினாள். பிறகு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். ஒயருக்கு மேலே ரப்பர் இருப்பது போல நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறதாம். அது அங்கங்கே உரிந்தால், உடம்பு சூடேறும்போது காலுக்குச் சேதி சரியாகப் போகாதாம். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மெட்ராஸில் மூளையைப் படம் எடுத்து உறுதி செய்ய வேண்டும், அடியோடு போகிற நோய் இல்லை, ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பயப்பட வேண்டிய சேதிதான். பயம் பிற்பாடு வந்தது, நிறையவே வந்தது. அன்றைக்கு எனக்கு நிம்மதி மட்டும்தான் இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் ஏறும்போது படியில் கால் வழுக்கியது. பின்னாலிருந்து ஒருவர், "அண்ணன் நல்லா ஏத்திட்டாரு போல" என்றார். மனைவி திரும்பினாள்.

"குடிக்கலீங்க. நரம்புல சீக்குங்க. நானே கண்ணால பாத்தேனுங்க."

அதோடு விட்டாளா? முன் சீட்டுக்காரரிடம் சொன்னாள். கூடை வைத்திருந்த பெண்களிடம் சொன்னாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் முப்பத்துச் சொச்சம் சுற்றையும் விவரமாகச் சொன்னாள். எனக்கு மானம் போயிற்று. மெதுவாகப் பேசு என்றேன்.

"ஊரே கேக்கட்டுமுங்க. ஊரேதான பேசுச்சு" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் அழுவதைப் பார்த்தால் அதையும் கண்டக்டரிடம் சொல்லிவிடுவாள்.