மடிப்புக்குள் போன என் புத்தகம்

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அறுபதுகளின் கடைசியில், என் சிறுகதைத் தொகுதியைச் சொந்தச் செலவில் அச்சடித்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் தவித்தேன். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளி ஒருவர் வழி சொன்னார். முகூர்த்தப் புடவை வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு புத்தகம் இலவசமாகத் தருவாராம்.

“வீட்டுக்கு வீடு உங்க பேரு போயிடும்மா.”

நம்பி ஐம்பது பிரதிகளைத் தூக்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, பக்கத்து வீட்டில், அவர் கடையில் வாங்கிய கல்யாணப் புடவையைப் பிரித்துக் காட்டினார்கள். ஜரிகையும் ஜரிகையும் உரசாமலிருக்க மடிப்புக்குள் வைக்கும் தாள் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் என் கதையின் கடைசிப் பக்கம். அடுத்த மடிப்பில் என் முன்னுரை.

அந்தத் தாள்களோடு நேரே கடைக்குப் போனேன்.

“கிழிச்சு மடிப்புல வைக்கவா கொடுத்தேன்?” என்று புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

முதலாளி அசரவில்லை.

“ஏம்மா கோவிச்சுக்கிறீங்க? முழுசா குடுத்தா அம்பது வீடு. இப்ப எத்தினி வீட்டுக்குப் போய்க்கினு இருக்குது பாருங்க! நியூஸ் பேப்பர் மசி புடவையில ஒட்டுது, உங்க புக்கு மசி ஒட்டல. அடுத்த புக்கை மட்டும் கொஞ்சம் பெரிய சைஸுல போடுங்கம்மா. இது மடிப்புக்குப் பத்தல.”