கேன்டீன் அக்கா கல்யாணத்துக்கு யார் சமைப்பது?

கேன்டீன் அக்காவுக்குக் கல்யாணம் என்ற செய்தியைவிட, அந்தக் கல்யாணத்துக்கு அவள் வெளியாள் வைத்துச் சமைக்கப் போகிறாள் என்ற செய்திதான் தொழிற்சாலையைக் கலக்கியது. ஐம்பதை நெருங்கும் ஒரு விதவை மறுபடி மாலை மாற்றிக்கொள்வதைக்கூட ஜனங்கள் தண்ணீரைக் குடித்து எப்படியோ விழுங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு ஷிப்ட் ஆட்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சமைத்துப் போடுகிறவள், கைக்காசைக் கொடுத்து இன்னொருவரை அடுப்பு பற்றவைக்கச் சொல்வதா? அதுதான் எல்லார் தொண்டையிலும் சிக்கிக்கொண்டது.

புருஷன் போன பிறகு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். விடிவதற்கு முன் அங்கே சமைப்பாள், பிறகு தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பாள், பொழுது சாய்ந்து திரும்பியதும் மறுபடி அண்ணன் வீட்டு அடுப்பு. "என் தங்கச்சிக்கு என் வீட்ல ஒரு குறையும் இல்ல" என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். பொய் சொல்ல மாட்டார் மனிதர். அடுப்பு இருந்தது, பாத்திரம் இருந்தது, அரிசி பருப்பு மூட்டை மூட்டையாக இருந்தது. ஒரு சமையல்காரிக்கு வேறென்ன குறை இருக்க முடியும்?

இந்த நேரத்தில்தான் கேன்டீனின் பெரிய அண்டாவுக்குக் கைப்பிடி உடைந்தது. தொழிற்சாலை வெல்டர் வந்து ஒட்டிக் கொடுத்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். கைப்பிடி அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனாலும் வெல்டர் அடுத்த வாரம் முழுக்க அதை வந்து வந்து ஆட்டிப் பார்த்தார். "ஒட்ட வைக்கிறதுதானே அவரு பொழப்பு" என்று ஆட்கள் கிண்டலடித்தார்கள். கேன்டீன் அக்கா முறைத்தாள். கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லவே இல்லை.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது அண்ணன் குதிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலிலேயே உட்கார்ந்தார்.

"பண்ணிக்கோ. நான் வேணாம்னு சொல்லல. ஆனா காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். நீயே ஏதாவது வடிச்சு எறக்கிடு. வீட்டு ஆளுங்க சாப்பிட்டா போதும்."

"என் கல்யாணத்துக்கு நானே வடிச்சு எறக்கணுமா அண்ணே?"

"வேற யாரு சமைப்பா?" அண்ணன் நிஜமாகவே குழம்பிப் போய்க் கேட்டார். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். "இந்த வயசுல ஊரைக் கூட்டி விருந்து போட்டா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா? நாங்க தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

ஊர் சிரிப்பதைப் பற்றி அண்ணிக்கு அப்படி ஒன்றும் கவலை கிடையாது. இனிமேல் காலையில் எழுந்து யார் சோறு வைப்பது என்ற கவலை அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கேன்டீன் அக்கா அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"சிரிக்கட்டும் அண்ணி. வந்து வயிறு நிறைய சாப்பிட்டுட்டு சிரிக்கட்டும். ஹால் பிடிக்கிறேன், ஆளு வச்சு சமைக்கிறேன். அன்னிக்கு ஒரு நாள் நான் கரண்டியைத் தொட மாட்டேன். உக்காந்து சாப்பிடுவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, சமையலுக்கு ஆள் பிடிப்பது லேசாக இல்லை. வெல்டரையும் கூட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். வெல்டரால் ஒரு உபயோகமும் இல்லை. எந்த இடத்தில் எதை ருசி பார்க்கக் கொடுத்தாலும் "நல்லா இருக்கே" என்று தட்டை வழித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

முதல் இடத்தில் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுக்க விருந்துப் படங்கள். முதலாளி மெனுவை விரித்து வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினார். இவள் யார் என்று தெரிந்ததும் அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "அட, நீங்கதானா அது! அப்ப கவலையே இல்ல. அன்னிக்குக் காலையில கொஞ்சம் வந்து மேற்பார்வை பாத்துக்குங்க. என் பசங்களும் உங்ககிட்ட நாலு விஷயம் கத்துக்குவானுங்க." அவள் எழுந்துவிட்டாள். வெல்டர் கையிலிருந்த இனிப்பை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்.

இரண்டாவது ஆள் அடக்கமானவர், நல்ல கைப்பக்குவம். குழம்பைக் கொடுத்துவிட்டு எதிரே கைகட்டி நின்றார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா மாத்திடறேன்கா. மசாலா அளவு மட்டும் நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க. உங்க கை பட்டா அது தனிதான்." புகழ்ச்சிதான். ஆனால் எத்தனை வருஷமாக அதே புகழ்ச்சி! உன் கை பட்டால் தனி ருசி என்று சொல்லிச் சொல்லியே அவள் கையை அடுப்போடு கட்டிப் போட்டிருந்தார்கள். அங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாவது இடம் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நான்கு அடுப்புகள் எரிந்தன. ஆள் யாரும் கண்ணில் படவில்லை. ஒரு பாத்திரத்தில் ஆவி வரும் விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பழக்க தோஷம், கை தானாகப் போய் மூடியைத் தூக்கியது.

"ஏய், யாரது? மூடியை வை கீழ!"

கட்டைக்குரலோடு ஒரு பெண் பின்பக்கமிருந்து வந்தாள். இடுப்பில் துண்டு, நெற்றியெல்லாம் வியர்வை.

"நானும் சமையல்காரிதான். ஆவியைப் பாத்தேன், அதான்..."

"சமையல்காரின்னா உனக்கே தெரிஞ்சிருக்கணும், அடுத்தவ அடுப்புல கை வைக்கக் கூடாதுன்னு. வெளிய போய் உக்காரு. நான் கொண்டாந்து தரேன்."

கேன்டீன் அக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சமையலறையிலிருந்து அவளை யாரும் இதுவரை வெளியே போகச் சொன்னதே இல்லை. கண்ணில் நீர் முட்டியது. இதற்கெல்லாமா அழுவாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் நிற்கவில்லை. வெல்டர் பதறிப்போய், "சண்டை போடட்டுமா?" என்று கேட்டார். அவர் ஜென்மத்தில் யாரோடும் சண்டை போட்டதில்லை.

தட்டு வந்தது. சோறு பதம், பொரியல் பரவாயில்லை, குழம்பு சுமார்.

"நீ பண்றதுல பாதிகூட இல்லையே" என்று வெல்டர் காதில் கிசுகிசுத்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை அது.

"இல்லதான். ஆனா இது தானா என் முன்னால வந்துச்சு பாருங்க."

விவரத்தைக் கேட்ட கட்டைக்குரல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணப் பொண்ணே நீதானா? அப்ப ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு நீ என் அடுப்புப் பக்கம் எட்டிப் பாத்தா, அப்படியே அணைச்சுட்டுக் கிளம்பிடுவேன். சம்மதமா?"

"இப்பவே அட்வான்ஸ் வாங்கிக்குங்க" என்றாள் கேன்டீன் அக்கா.

கல்யாணத்தன்று அண்ணன் கடுகு வெடிக்கிற முகத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாரும் வர மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தொழிற்சாலையே திரண்டு வந்து நின்றது. சிரிக்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். மாலையோடு கேன்டீன் அக்காவும் வெல்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெண் அவள் தட்டில் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள்.

அவள் வாயில் வைப்பதற்குள் அண்ணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "குழம்புல உப்பே இல்லடி! சொன்னா அந்தச் சமையல்காரம்மா, சரியாத்தான் இருக்குன்னு சாதிக்குது. எழுந்து வா. நீ ஒரு கை பாத்தா சரியாயிடும்."

அண்ணனும் வந்துவிட்டார். "போம்மா. அஞ்சு நிமிஷ வேலை. மானம் போகுது."

பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. அவள் சமையலைத் தின்று பழகிய அத்தனை நாக்குகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். அண்ணி சொன்னது உண்மைதான். எவ்வளவு போட வேண்டும் என்பதுகூட அந்த நொடியே அவள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. கால் பரபரத்தது. எழுந்து போனால் எல்லாருக்கும் நிம்மதி, நாலு பேர் புகழ்வார்கள், அண்ணன் மூச்சு விடுவார். அவளும் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பழையபடி கேன்டீன் அக்காவாகிவிடுவாள். பயமாக இருந்தது அவளுக்கு, அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

அவள் நாற்காலியை மேஜையோடு இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"உப்பு கம்மிதான்" என்றாள், நான்கு மேஜைக்குக் கேட்கும்படி. "மேஜை மேலயே உப்பு இருக்கு. வேணுங்கிறவங்க போட்டுக்குங்க. நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அண்ணன் குனிந்து பல்லைக் கடித்தார். "நாளைக்கு ஊரே பேசும், தெரியுமா? கேன்டீன் அக்கா கல்யாணத்துல உப்பு இல்லன்னு."

"பேசட்டும் அண்ணே. கல்யாணம்னு சொல்லித்தானே பேசியாகணும்."

அவள் பரிமாறும் பெண்ணைக் கைதட்டி அழைத்தாள்.

"ஏம்மா, இங்க இன்னொரு கரண்டி குழம்பு ஊத்து."